மண்ணுக்கு நாடி பார்த்த கதை

"டேய் தம்பி, உங்கண்ணன் வாங்கிக் குடுத்த கம்பி சொல்றதை நம்பி மோட்டாரைப் போடவா, இல்ல என் கை சொல்றதை நம்பிச் சும்மா இருக்கவா?"

போன மாசி மாசம் ஏற்காட்டுல பெரியப்பா என்கிட்ட கேட்ட கேள்வி இது. எனக்கு விவசாயம் தெரியாது. காபி குடிக்கத்தான் தெரியும். ஆனாலும் 'படிச்ச பையன்'னு ஒரு பட்டம் நம்ம தலையில இருக்கே, அதனால கேட்டுட்டார். பதில் சொல்ல முடியாம முழிச்சதுல ஆரம்பிச்ச தேடல்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியோட உக்காந்துக்குங்க :-)

முதல்ல நிலவரம். பெரியப்பாவுக்குச் சேர்வராயன் மலையில நாலு ஏக்கர் காபி. நடுவுல சில்வர் ஓக் மரங்க, அதுல ஏறின மிளகுக் கொடி. சரிவோட அடியில ஒரு சின்னக் குட்டை. காபிச் செடிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. மொட்டு வச்சதும் கொஞ்ச நாள் காய்ச்சல்ல கிடக்கணும். அப்புறம் மாசி, பங்குனி வாக்குல ஒரு மழை, 25-லிருந்து 40 மில்லிமீட்டர் வரைக்கும் விழணும். அது விழுந்தா எட்டுப் பத்து நாள்ல தோட்டமே மல்லிகைப் பந்தல் மாதிரி வெள்ளையாகிடும். இதுக்குப் பேரு பூ மழை. அதுக்கப்புறம் மூணு நாலு வாரத்துக்குள்ள இன்னொரு மழை வந்தாத்தான் பிஞ்சு நிக்கும். பூ மழை அரைகுறையாப் பேஞ்சா மொட்டு விரியாம கருகும். ஒரு வருஷ வரும்படி போச்சு.

மழை வராத வருஷம் ஸ்பிரிங்ளர் போடுவாங்க. குட்டையில இருந்தது ரெண்டு தடவைக்கான தண்ணி. ஒண்ணு பூவுக்கு, ஒண்ணு பிஞ்சுக்கு. ஒரு தடவை தப்பான நேரத்துல செலவு பண்ணினா மறு தடவைக்குக் கிடையாது.

சென்னையில இருக்கிற அண்ணன் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு ஈரப்பத சென்சார் வாங்கி அனுப்பியிருந்தான். ரெண்டு கம்பி, ஒரு சின்ன டப்பா, செல்போன்ல ஒரு ஆப். அது 8 சதம்னு சொல்லிச் சிவப்பு காட்டுது. "உடனே மோட்டாரைப் போடுங்கப்பா"ன்னு அண்ணன் போன்ல கத்தறான். பெரியப்பா மண்வெட்டியால ஒரு அடி தோண்டி, மண்ணை அள்ளிப் பிடிச்சுப் பாக்கறார். கொழுக்கட்டை மாதிரி பிடிபடுது. யார் சொல்றது நிஜம்?

*

மண்ணோட ஈரத்தை அளக்கணும்ங்கற ஆசை இன்னிக்கு நேத்து வந்ததில்ல. உழவு அதிகாரத்துல 1037-ஆம் குறளைப் பாருங்க. ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகற அளவுக்குக் காய விட்டா, ஒரு பிடி எருகூட வேண்டாம், பயிர் செழிக்கும்ங்கறார். நேரடியா எடைக் கணக்கா எடுத்தா இது பொருந்தாது. நம்ம ஊர் வயல் மண்ணுல முக்கால் பங்கு எடை தண்ணியா இருக்காது. ஆனா எனக்கு ஆச்சரியம் அது இல்ல. 'நல்லாக் காய விடு'ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். அதை ஒரு அளவா, தராசுத் தட்டுல வைக்கிற மாதிரி சொல்லணும்னு தோணியிருக்கு பாருங்க, அதான் விஷயம்.

இன்னிக்கும் மண் ஈரத்துக்கு உரைகல் தராசுதான். ஈர மண்ணை எடை போடு, 105 டிகிரியில ஒரு நாள் முழுக்க அடுப்புல காய வை, திரும்ப எடை போடு, வித்தியாசம்தான் தண்ணி. உலகத்துல எந்த சென்சார் வந்தாலும் கடைசியில இந்தத் தராசு முன்னாடி நின்னுதான் சாட்சி சொல்லணும்.

ஆனா தராசுல ஒரு தொல்லை. தோண்டி எடுத்த மண்ணைத் திரும்ப அதே இடத்துல வச்சு நாளைக்கும் அளக்க முடியாது. மண்ணைக் கலைக்காம, தினமும் நாடி பாக்கணும். அதுக்குத்தான் போன நூற்றாண்டு முழுக்க மண்டையை உடைச்சிக்கிட்டாங்க.

1908-ல பர்ட்டன் லிவிங்ஸ்டன்ங்கற அமெரிக்கத் தாவரவியலாளர், நுண்துளை உள்ள மண் கிண்ணத்துல தண்ணி ஊத்திச் செடி பக்கத்துல புதைச்சார். மண் காயக் காய கிண்ணத்துத் தண்ணியை அதுவே உறிஞ்சிக்கும். ஈரமானா நிறுத்திக்கும். நம்ம ஊர்ல கன்றுக்குப் பக்கத்துல பானை புதைக்கிறோமே, அதே சங்கதி. யோசிச்சா சென்சாரும் மோட்டாரும் ஒரே சட்டிக்குள்ள இருக்கு!

அடுத்து 1920கள், 30கள்ல வில்லார்ட் கார்ட்னர், லோரன்சோ ரிச்சர்ட்ஸ் மாதிரி ஆளுங்க அந்த மண் கிண்ணத்துக்கு மேல ஒரு குழாயும் அழுத்தமானியும் வச்சாங்க. மண் எவ்வளவு பலமா உறிஞ்சுதுன்னு எண்ணுல தெரிஞ்சிடும். அதுதான் டென்சியோமீட்டர். செடியோட வேர் படற கஷ்டத்தை அப்படியே சொல்ற கருவி. கடல் மட்டத்துல சுமார் 80, 85 சென்டிபார் வரைக்கும் அளக்கும். அதுக்கு மேல காத்து உள்ள புகுந்து வேலை செய்யாது. ஏற்காடு மாதிரி 1500 மீட்டர் உயரத்துல காத்தழுத்தமே கம்மிங்கறதால, அந்த எல்லையும் இன்னும் பதினஞ்சு வரைக்கும் குறைஞ்சிடும். மலைக்கு மேல ஏறினா கருவிக்கும் மூச்சு வாங்கும் போல.

1940-ல மிச்சிகன்ல ஜார்ஜ் பூயூகோஸ் ஜிப்சம் கட்டிக்குள்ள ரெண்டு கம்பியைப் புதைச்சு, மின்தடையை அளந்து ஈரத்தைச் சொன்னார். மலிவு. ஆனா ஜிப்சம் மெள்ள மெள்ளக் கரைஞ்சிடும். 1952 வாக்குல நியூட்ரான் கருவி. துல்லியம்தான், ஆனா கதிரியக்கப் பொருளைத் தூக்கிக்கிட்டு வயல்ல திரிய முடியுமா?

திருப்பம் 1980-ல. கனடாக்காரங்க மூணு பேர், டாப், டேவிஸ், அன்னன், மின்காந்த அலை மண்ணுக்குள்ள போய்த் திரும்பற நேரத்தை வச்சு ஈரத்தைக் கணக்குப் போட்டாங்க. சூட்சுமம் ரொம்ப எளிமை. மின்புலத்துல தண்ணியோட 'மின்காப்பு மாறிலி' சுமார் 80. மண் துகளுக்கு 3-லிருந்து 5. காத்துக்கு 1. அதனால ஒரு மண்ணுல அந்த எண் கூடுதுன்னா, கூட்டினது தண்ணிதான். இன்னிக்குக் கடையில கிடைக்கிற பெரும்பாலான சென்சார்ங்க, அண்ணன் வாங்கினது உட்பட, இந்த வித்தியாசத்தை வச்சுத்தான் பொழைக்குது. அந்த 80, 4, 1 மூணையும் ஞாபகம் வச்சுக்குங்க. பெரியப்பா கேள்விக்கு விடை அதுலதான் இருக்கு.

*

ஈரம் பாக்கறது பாதிக் கதை. அதைப் பாத்து விதைக்கிறது மீதிக் கதை.

மானாவாரிக் காட்டுல விதைக்கிறதைப் பாத்திருக்கீங்களா? முன்னாடி ஏர் போகும். பின்னாடி ஒரு அம்மா மடியில விதையைக் கட்டிக்கிட்டுச் சால்ல போட்டுக்கிட்டே நடப்பாங்க. வெறும் காலு. ஈரம் தட்டுதா, கட்டி இருக்கா, மேட்டு மண்ணான்னு பாதம் சொல்லும். கை அதுக்கேத்த மாதிரி நெருக்கியோ தள்ளியோ விதை விடும். கொஞ்சம் முன்னேறின ஊர்ல விதைக் கருவி உண்டு. மரக்கிண்ணத்துல விதையைப் போட்டா, மூங்கில் குழாய்ங்க வழியா ஒவ்வொரு சாலுக்கும் இறங்கும். 1790கள்ல குண்டூர்ப் பக்கம் இருந்த கேப்டன் தாமஸ் ஹால்காட் இதைப் பாத்து அசந்துபோய் எழுதியிருக்கார். அதுவரைக்கும் விதைக் கருவின்னா ஏதோ ஐரோப்பாவுல புதுசாக் கண்டுபிடிச்சதுன்னுதான் அவரும் நினைச்சுக்கிட்டு இருந்தாராம். இங்கிலாந்துல ஜெத்ரோ டல் கருவி செஞ்சது 1701 வாக்குல. 1971-ல வந்த தரம்பால் தொகுப்புல ஹால்காட் கடிதம் இருக்கு. தேடிப் படிங்க.

இப்ப அப்படியே 2017-க்கு வாங்க. அமெரிக்காவுல பிரிசிஷன் பிளான்ட்டிங் நிறுவனம் ஸ்மார்ட்ஃபர்மர்னு ஒண்ணை விட்டாங்க. மக்காச்சோளம் விதைக்கிற மெஷின்ல, விதை விழுந்த சாலுக்குள்ள உரசிக்கிட்டே போற ஒரு சின்ன வால். அதுல சென்சார். ஈரம், சூடு, மக்குச் சத்து எல்லாத்தையும் ஓடற ஓட்டத்துல படிச்சு டிராக்டர் திரைக்கு அனுப்பும். நல்ல மண்ணுன்னா விதையைக் கூட்டு, வத்தல் மண்ணுன்னா குறைன்னு மெஷினுக்குக் கட்டளை போட முடியும். 2000 மே மாசம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ல வேணும்னே வச்சிருந்த பிழையை எடுத்துவிட்டதுக்கு அப்புறம்தான் டிராக்டர்ல ஜிபிஎஸ் வச்சு இந்த மாதிரி வித்தையெல்லாம் சுலபமாச்சு.

எனக்கு இதைப் படிச்சப்ப சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. அந்த சென்சார் இருக்கிற இடம் எது? சாலுக்குள்ள, விதைக்கு ஒட்டி. அதாவது நம்ம அம்மா பாதம் இருந்த அதே இடம்! பல வரிசை ஒரே நேரத்துல விதைக்கிற மெஷின்ல ஏறி உக்காந்தப்புறம் மண்ணைத் தொட ஆளில்ல. தொலைச்ச பாதத்தைத்தான் காசு குடுத்துத் திரும்ப வாங்கறாங்க. ஆனா அந்தம்மா பாதத்துக்குக் கூலி என்ன குடுத்தோம்னு கேட்டா நமக்கு பதில் கிடையாது. அதையும் சொல்லணும்.

*

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சேர்வராயன் மலை மண்ணே ஒரு தனிக் கதை. மலை முழுக்க சார்னோக்கைட் பாறை. சென்னைப் பக்கம் பரங்கிமலை, பல்லாவரத்துல இருக்கிற அதே பாறை. அது கோடிக்கணக்கான வருஷம் மழையில நனைஞ்சு, கரையறதெல்லாம் கரைஞ்சு, இரும்பும் அலுமினியமும் மிஞ்சின செம்மண் மேல. சில உச்சிகள்ல பாக்சைட்டே கிடைக்கும். மேட்டூர் மால்கோ ஆலைக்கு ஒரு காலத்துல இங்கேர்ந்துதான் போச்சு.

பல்லாவரம்னதும் ஒருத்தரைச் சொல்லாம இருக்க முடியல. 1863-ல பல்லாவரத்துல கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், ஓய்வுக்கப்புறம் ஏற்காட்டுலதான் வாழ்ந்தார். இங்க டிரினிட்டி சர்ச்ல அவருக்கு நினைவுக் கல் இருக்கு. மண்ணைப் பாத்தே மனுஷன் கதையைப் படிச்ச ஆளு. ஏற்காடு போறவங்க ஏரியில படகு விட்டுட்டு, லேடீஸ் சீட்ல போட்டோ எடுத்துட்டு இறங்கிடறீங்க. ஒரு எட்டு அங்கயும் போய்ட்டு வாங்க.

காபி இந்த மலைக்கு வந்தது 1820கள்ல, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல. அதுக்கு முன்னாடியே மலையாளி பழங்குடி மக்கள் இங்க சாமையும் கேழ்வரகும் போட்டு வாழ்ந்தாங்க. கலெக்டர் பேரு வரலாறுல ஏறிடுச்சு. சரிவு மண்ணுல எப்ப விதைக்கணும்னு தெரிஞ்ச கைங்களோட பேரு ஏறல.

இங்க விதைக்கிற மெஷின் வருமா? வராது. சரிவு, பாறை, நிழல் மரம். காபி ஒரு தடவை நட்டா பல பத்து வருஷம் நிக்கும். அதிகபட்சம் குழி தோண்டற மெஷின் வரும். ஆக, மலையில சென்சார் கட்டுப்படுத்தக்கூடியது ஒண்ணே ஒண்ணு, தண்ணி மோட்டார்.

மலைக்கு அந்தப் பக்கம் கதை வேற. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல (ரெண்டும் பழைய சேலம் ஜில்லாதான்) 2004-05-லிருந்து 2006-07 வரைக்கும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 400 ஹெக்டேர்ல துல்லியப் பண்ணையத் திட்டம் நடத்தினாங்க. உளிக் கலப்பை போட்டு அடி இறுக்கத்தை உடைச்சு, குழித்தட்டுல நாத்து வளர்த்து, சொட்டுநீர்ல உரத்தைக் கரைச்சு விட்டு, தக்காளி, கத்திரி, மிளகாய்னு எடுத்தாங்க. பேருக்கு ஏத்த மாதிரி எலக்ட்ரானிக்ஸ் இருக்கும்னு போனா, அங்க கதாநாயகன் குழாய்தான். ஆனா ஒரு விஷயத்தை அந்தத் திட்டம் பிடிச்சிருந்தது. விவசாயிகளைக் குழுவாச் சேத்துச் சந்தையில ஒண்ணா நிக்க வச்சாங்க. கருவியை மட்டும் குடுத்துட்டு ஓடல.

இன்னொரு நல்ல உதாரணம் கோயம்புத்தூர்ல. 1912-லிருந்து இருக்கிற கரும்பு இனப்பெருக்க நிறுவனம் ஒரு ஈரப்பதம் காட்டியைச் செஞ்சிருக்கு. ரெண்டு கம்பியை மண்ணுல குத்தினா விளக்கு எரியும். நீலம்னா ஈரம் தாராளம். பச்சைன்னா போதும். ஆரஞ்சுன்னா குறைச்சல், தண்ணி விடலாம். சிவப்புன்னா உடனே விடணும். எண்ணே கிடையாது. பஞ்சாப்ல நெல்லுக்கு டென்சியோமீட்டர்லயும் இதே மாதிரி நிறப் பட்டை போட்டுக் குடுத்தாங்க. தசம ஸ்தானத்தை யாரும் கேக்கல, 'இன்னிக்கு மோட்டார் போடவா வேண்டாமா'ங்கறதுதான் கேள்வின்னு புரிஞ்சுக்கிட்டுச் செஞ்ச வேலை.

*

இப்ப பெரியப்பா கேள்விக்கு வருவோம்.

"சண்டை எதுக்குங்க பெரியப்பா, தராசுல போட்டுரலாம்"னேன். சென்சார் பக்கத்துல ஒரு அடி ஆழத்துல மண்ணெடுத்தோம். பெரியம்மா சமையல் தராசுல சரியா 100 கிராம். பழைய இரும்புச் சட்டியில மெதுவா வறுத்தோம். ("வடாம் வறுக்கிற சட்டிடா அது"ன்னு பெரியம்மா திட்டினது தனிக் கதை.) எடை இறங்கறது நின்னப்புறம் பாத்தா 80 கிராம். அதாவது 80 கிராம் காஞ்ச மண்ணுக்கு 20 கிராம் தண்ணி, 25 சதம். நம்மது எடைக் கணக்கு, கருவி காட்டறது கன அளவுக் கணக்கு. அதனால மண்ணோட அடர்த்தியால பெருக்கணும். எப்படிப் பெருக்கினாலும் 8 வராது.

பெரியப்பா கை ஜெயிச்சிடுச்சு. ஆனா கருவி ஏன் தோத்தது? கம்பியைச் சுத்தித் தோண்டிப் பாத்தோம். சரளைக் கல்லு. கல்லுக்கும் கம்பிக்கும் நடுவுல விரல் நுழையற மாதிரி இடைவெளி. காத்து! 80, 4, 1 ஞாபகம் இருக்கா? கருவி பாவம், மண்ணை அளக்கல, காத்தை அளந்துக்கிட்டு இருந்தது. பொய் சொல்லல, அது தொட்டதைச் சொன்னது. வித்த இடத்துல போன் பண்ணினா எடுக்க ஆளில்ல. அதோட வந்த தாள்ல கல்லு மண்ணைப் பத்தி ஒரு வரிகூட இல்ல.

அதே மண்ணைச் சலிச்சு, குழைச்சு, குழியில ஊத்தி, கம்பியை இறுக்கமா நட்டோம். ரெண்டு நாள் கழிச்சு எண் ஒழுங்குக்கு வந்தது. ஆனா பெரியப்பா அப்பவும் மோட்டார் போடல. "மொட்டு இன்னும் பழுக்கல. மண்ணு என்ன சொன்னாலும் செடி சொல்லணும்"னார். பன்னெண்டு நாள் கழிச்சு, மொட்டு வெளுத்து நீண்டதும், ஒரு ராத்திரி ஸ்பிரிங்ளரைப் போட்டார்.

கருவி உண்மையிலேயே உதவினது அதுக்கப்புறம்தான். மறுநாள் காலையில அதைப் பிடுங்கி மேல் சரிவுலயும் கீழ் சரிவுலயும் மாத்தி மாத்தி நட்டுப் பாத்தோம். கீழ ஒரு அடி வரைக்கும் ஈரம் இறங்கியிருந்தது. மேல அரை அடியோட நின்னுடுச்சு. முப்பது வருஷமா மேல் சரிவுல பூ கம்மியா வர்றதுக்கு 'மண்ணு மோசம்'னு காரணம் சொல்லிக்கிட்டு இருந்தவர், கொஞ்ச நேரம் பேசாம நின்னார். அப்புறம், "தண்ணிதான்டா எட்டல"ன்னார். அன்னிக்கு மேல் சரிவுக்கு மட்டும் இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட்டினார். பிஞ்சுக்கு வச்சிருந்த தண்ணியில கொஞ்சம் கரைஞ்சது. பின்மழை வந்து காப்பாத்துச்சு. அது யார் கணக்குலயும் இல்லாத விஷயம்.

அதனால என் தீர்ப்பு இதுதான். கை எப்ப தண்ணி விடணும்னு சொல்லிச்சு. கருவி எவ்வளவு தூரம் தண்ணி போச்சுன்னு சொல்லிச்சு. தராசு ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து பஞ்சாயத்து பண்ணிச்சு. மூணுல ஒண்ணைத் தூக்கி எறிஞ்சிருந்தா அந்த வருஷம் நஷ்டம்.

பயம் எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பெரியப்பாவுக்கு எழுபத்தி நாலு வயசு. 8-னு கருவி சொன்னப்ப 'இல்ல'ன்னு சொல்ல ஒரு கை இருந்தது. நாளைக்கு அண்ணன் சென்னையில உக்காந்து ஆப்லயே மோட்டாரைப் போட்டா, காத்தை அளந்துட்டு மண்ணுன்னு சொல்ற கருவியை யார் மறுக்கப்போறாங்க?

கிளம்பறப்போ பெரியப்பாகிட்ட ஒரு நோட்டு வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். தேதி, கை சொன்னது, கருவி சொன்னது, மூணு பத்தி. எழுதறாராம். போன வாரம் போன்ல, "உன் நோட்டுல பாதி பக்கம் தீந்துடுச்சுடா"ன்னார். எனக்கு அது போதும்.

பி.கு: உங்க வீட்டுலயும் மண்ணைப் பிடிச்சுப் பாத்துப் பதம் சொல்ற பெரியவங்க இருப்பாங்க. அவங்க என்ன வார்த்தையில சொல்றாங்கன்னு கேட்டு எழுதுங்க மக்கா. ஊருக்கு ஊர் வேற வேற சொல் இருக்கும். அதை எந்த சென்சாரும் பதிவு பண்ணாது, நாமதான் பண்ணணும்.